கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்பு டிக்

சாடோ தீவு
நவம்பர் 7, இரவு

படிவத்தைச் செய்தவருக்கு,

கடிதத்தின் தொடக்கத்தில் பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். குளிர் வந்துவிட்டது. எழுதிவிட்டேன்.

என் பெயர் நொகாமி சிசுரு. வயது பதின்மூன்று. நடுநிலைப் பள்ளி முதல் ஆண்டு. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பள்ளி டேப்லட்டில் படிவம் முடிகிற இடத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'ஹமாபே படிவப் பட்டறை, நீகாதா' என்று முகவரி இருந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். டேப்லட்டிலிருந்து எது அனுப்பினாலும் ஆசிரியர்கள் பார்க்கலாம். அதனால்தான் காகிதம். படுக்கை மடித்து வைக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து, டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அக்டோபர் 31ஆம் தேதி எங்கள் வகுப்பில் ஒரு கேள்விப் படிவம் வந்தது. வகுப்பில் யாராவது யாரையாவது துன்புறுத்துகிறார்களா என்று கேட்கும் படிவம். பெயர் போட வேண்டாம். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

நவம்பர் 4ஆம் தேதி எங்கள் வகுப்பாசிரியர் ஹத்தோரி சார் முடிவைப் படித்தார். "இருபத்தேழு பேரு பதில் சொல்லியிருக்கீங்க. இருபத்தேழு பேருமே 'எதுவும் நடக்கவில்லை'ன்னுதான் சொல்லியிருக்கீங்க. எனக்கு ரொம்ப நிம்மதி" என்றார்.

அது சரியாக இருக்க முடியாது. ஏனென்றால் இருபத்தேழில் ஒன்று நான்.

வகுப்பில் மொத்தம் இருபத்தெட்டுப் பேர். இருபத்தெட்டாவது ஆள் சயோ. அவளோடு யாரும் பேசக் கூடாது என்று ஜூன் மாதம் எங்கள் வகுப்பு மஹோ சொன்னாள். அதிலிருந்து சயோவின் பெயர் 'காற்று'. அவள் வாயைத் திறந்தால் மஹோ, "யாராவது ஜன்னலச் சாத்துங்கப்பா, காத்து சத்தம் போடுது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது எழுந்து போய் நிஜமாகவே ஜன்னலைச் சாத்துவார்கள். பள்ளிக்குள் போடும் தன் காலணியைச் சயோ இரண்டு முறை குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். சயோவின் அம்மா அக்டோபரில் பள்ளிக்கு வந்து சொன்னார். அதற்காகத்தான் அந்தப் படிவமே வந்தது. ஆனால் படிவம் வருவதற்கு முந்தின நாளிலிருந்தே சயோ வரவில்லை. இப்போது பள்ளி அவள் அம்மாவிடம், வகுப்பில் அப்படி ஒன்றுமே இல்லை, பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டது. அதாவது சயோ பொய் சொல்கிறாள் என்று.

ஆகவே கேட்கிறேன். உங்கள் படிவம் என் பதிலைத் தின்றுவிட்டதா? இல்லை, ஹத்தோரி சார் பொய் சொல்கிறாரா? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

பள்ளிக்குப் போன் செய்துவிடாதீர்கள். என் அம்மா மஹோ வீட்டார் நடத்தும் தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிறார். பதிலை வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கும் துறைமுகத் தபால் நிலையத்துக்கு, 'நேரில் வந்து பெற்றுக்கொள்வார்' என்று எழுதி அனுப்பினால் பத்து நாள் வைத்திருப்பார்களாம். கேட்டு வைத்திருக்கிறேன்.

நொகாமி சிசுரு


நீகாதா
நவம்பர் 12

நொகாமி சிசுரு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்தப் படிவத்தில் நீங்கள் விரல் வைத்த பெட்டிகளைச் செய்தவன் நான்தான். பெயர் இவாகி கோஹெய். முழுப் படிவத்தையும் நான் செய்யவில்லை. பெட்டிகள் மட்டும் என்னுடையவை.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் நீங்கள் பார்க்கும் சதுரப் பெட்டி பலவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கு. வட்டப் பொத்தான் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு. இந்த இரண்டையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. எனவே இரண்டுக்குமாக ஒரே நிரல்துண்டை ஒரு தடவை எழுதினேன். யாருக்கு எங்கே வேண்டுமோ அங்கே பொருத்திக்கொள்வார்கள், வீடுதோறும் ஒரே மாதிரிக் குழாய் மாட்டுவது போல. இன்று அது நாற்பத்து மூன்று இடங்களில் இருக்கிறது. பல் மருத்துவமனை, பேருந்துச் சீட்டு, உங்கள் பள்ளி மதிய உணவின் ஒவ்வாமைப் படிவம். மூன்று ஆண்டுகளில் ஒரு பதில்கூடத் தொலைந்ததில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு மறுபடியும் சோதித்தேன். இருநூறு முறை. அழுத்தியது அழுத்தியபடியே போய்ச் சேருகிறது. பிள்ளைகளின் பதில்களைப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை. பார்க்கவும் மாட்டேன். ஆனால் பெட்டி எதையும் தின்னவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்படியானால் உங்கள் ஆசிரியர் பொய் சொல்கிறார் என்றும் நான் சொல்லிவிட முடியாது. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? எந்த எந்தப் பெட்டியை, எந்த வரிசையில் அழுத்தினீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இவாகி கோஹெய்


சாடோ தீவு
நவம்பர் 17, இரவு

இவாகி சாருக்கு,

தபால் நிலையக் கவுண்டரில் இருந்த பெண்மணி என் மாணவர் கையேட்டில் உள்ள போட்டோவையும் என் முகத்தையும் மூன்று தடவை பார்த்தார். "காதலனாம்மா?" என்று கேட்டார். "பெட்டி செய்யறவரு" என்றேன். சவப்பெட்டி என்று நினைத்திருப்பார், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. 'அவர்கள்' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் சின்னப் பெண்ணை 'நீங்கள்' என்றால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்று அர்த்தம். நம்பிக்கையான பெரியவரிடம் பேசு என்கிறீர்கள். அப்படி ஒருவர் இருந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போய் உங்கள் கடிதத்தை வாங்கியிருப்பேனா?

வரிசை நினைவிருக்கிறது. ஒவ்வொரு நொடியும் நினைவிருக்கிறது. மஹோ எனக்குப் பின் இருக்கை. அன்றைக்கு அவள் முன்னால் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில், "சிசுரு, நீ ரொம்ப நேரம் யோசிக்கறியே. அவ்வளவு பெரிய கணக்கா?" என்றாள். "இல்ல, டேப்லட் மெதுவா இருக்கு" என்றேன். "கையக் குடு, நான் அமுக்கித் தரேன்" என்று சிரித்தாள். என் கழுத்தில் அவள் மூச்சு பட்டது.

படிவத்தில் ஐந்து வரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சதுரம்.

முதல் வரி: அடித்தார்கள், உதைத்தார்கள். அது நடக்கவில்லை, சயோவை யாரும் தொடக்கூட மாட்டார்கள். அதனால் டிக் போட்டேன்.

இரண்டாவது: பொருளை ஒளித்தார்கள், வீசினார்கள். அது நடந்தது. அதை அப்படியே விட்டேன்.

மூன்றாவது: பணம் கேட்டு மிரட்டினார்கள். நடக்கவில்லை. டிக்.

நான்காவது: ஒதுக்கிவைத்தார்கள், பேசாமல் இருந்தார்கள். நடந்தது. தொடவில்லை.

ஐந்தாவது: மேலே சொன்ன எதுவும் நடக்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய பொய் அதுதான். அதனால் அதில் அழுத்தமாக ஒரு டிக் போட்டேன். சிவப்பாக வந்தது. பார்க்க நன்றாக இருந்தது. உடனே அனுப்பிவிட்டேன்.

அவ்வளவுதான். இதில் எங்கே என் பதில் காணாமல் போயிற்று? சொல்லுங்கள்.

சிசுரு


நீகாதா
நவம்பர் 21

சிசுருவுக்கு,

'நீங்கள்' என்பதை விட்டுவிடுகிறேன். உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடியே பிரித்தேன். ஐந்தாவது வரிக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டேன்.

நீ டிக்கைத் தப்பு என்ற பொருளில் போட்டிருக்கிறாய். நம் நாட்டுப் பள்ளிகளில் விடைத்தாளில் ஆசிரியர் போடுவது போல, சரியானதற்கு வட்டம், தப்பானதற்கு டிக். ஆனால் படிவம் டிக்கை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். மேலே 'பொருந்துபவற்றைக் குறியிடுக' என்று ஒரு வரி சாம்பல் நிறத்தில் இருந்தது. நீ அதைப் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் வகுப்பில் தினமும் காலையில் பத்து நிமிடப் பயிற்சி நடக்கிறதல்லவா? 'தவறான வாக்கியங்களில் டிக் போடுக' என்று ஐந்து வாக்கியங்கள் வரும். ஹத்தோரி சார் அதை எங்கள் கருவியை வைத்துத்தான் செய்கிறார். அதிலும் இருப்பது என் பெட்டிதான். அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், "பிள்ளைங்களுக்கு விடைத்தாள் மாதிரியே இருக்கணும், சிவப்புல ஒரு டிக் வரணும்" என்று கேட்டார். நான்தான் வரைந்தேன். ஓர் இடத்தில் மாற்றினால் அந்தப் பள்ளியின் எல்லாப் படிவத்திலும் மாறிவிடும். அதைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏப்ரலிலிருந்து தினமும் உன் விரலுக்கு, இந்தப் பெட்டியில் இந்தச் சிவப்பு என்றால் தப்பு என்று நானே பழக்கிவிட்டு, அக்டோபர் கடைசி நாளில் அதே பெட்டியைக் கொடுத்து வேறு பொருளில் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஐந்தாவது பெட்டி பார்க்கத்தான் சதுரம். உள்ளே அது வட்டப் பொத்தான் மாதிரி வேலை செய்யும். 'எதுவும் இல்லை' என்பதை அழுத்தினால் மேலே உள்ள மற்றக் குறிகள் எல்லாம் தாமாகவே அழிந்துவிடும். இரண்டும் ஒன்றாக நிற்கக் கூடாது என்று அப்படிச் செய்தேன். சத்தமில்லாமல் அழியும். உன் டேப்லட்டில் அந்த மேல்வரிகள் திரைக்கு மேலே போயிருக்கும். ஒன்றிலும் மூன்றிலும் நீ போட்ட டிக் இருந்திருந்தால்கூட, 'அடித்தார்கள் என்கிறாளே' என்று ஹத்தோரி சார் விசாரித்திருப்பார். அதையும் என் பெட்டி துடைத்துவிட்டது.

அதனால்தான் இருபத்தேழுக்கு இருபத்தேழு. நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தவர்களும் அந்தக் கடைசிப் பெட்டியைத்தான் அழுத்தியிருப்பார்கள். அது பொய் என்று சொல்ல நினைத்தவர்களும் அதையேதான் அழுத்தியிருப்பார்கள். இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும். யார் எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

எங்கள் முதலாளி ஒகிதா அம்மாவிடம் காட்டினேன் (உன் பெயரை மறைத்துத்தான்). "இவாகி, இதுல கொறை எங்க இருக்கு? சொன்னதச் செய்யுது. தப்பா அமுக்குனது அந்தப் பொண்ணு" என்றார். "அமுக்க வச்சது நாம மேடம்" என்றேன். "நாப்பத்து மூணு எடத்துக்கும் போயி, எங்க பெட்டி சரியில்லன்னு சொல்லப் போறியா? ஏப்ரல்ல புது வடிவம் வருதுல்ல, அதுல சேத்துக்கலாம், போ" என்றார்.

ஏப்ரலில் கண்டிப்பாகச் செய்துவிடுகிறேன். இதை எழுதும்போதே போதாது என்று தெரிகிறது. இப்போதைக்கு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இவாகி


சாடோ தீவு
நவம்பர் 25, இரவு

இவாகி சாருக்கு,

அப்படியானால் அழுத்தியது நான். சயோவைப் பொய்க்காரி ஆக்கிய இருபத்தேழில் நான் ஒருத்தி.

இரண்டு நாள் எழுத வரவில்லை. இன்றைக்கு உண்மையை எழுதிவிடுகிறேன். அந்தச் சாம்பல் நிற வரியை நான் படித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் டிக் என்றால் தப்பு என்று வைத்துக்கொண்டால், உண்மையாக நடந்த வரிகளை நான் விரலால் தொடவே வேண்டியதில்லை. மஹோ எட்டிப் பார்த்தாலும் என் திரையில் நான்காவது வரி சுத்தமாக இருக்கும். உண்மையும் சொன்ன மாதிரி, யாருக்கும் தெரியாத மாதிரியும். அந்த நேரத்தில் எனக்கு அது வசதியாக இருந்தது. பயம் விரலுக்குள் போய்விட்டால் கண் படிப்பதை விரல் கேட்காது போலிருக்கிறது. நீங்கள் முழுப் பழியையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி என்னுடையது.

ஜூனில் அந்த முதல் நாள், சயோ என்னிடம் "காலை வணக்கம், சிசுரு" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குப் படிவம் ஒன்றும் காரணம் இல்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். டிசம்பர் 9ஆம் தேதி பள்ளியில் கூட்டம். சயோவின் அம்மாவை அழைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிய தாளில் அவரிடம் கையெழுத்து கேட்பார்கள். அதற்குப் பிறகு சயோவை நாகாஓகாவில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கடையில் அவள் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு பொய் சொன்னான்னு எழுதி வச்சிருக்கற எடத்துல அவ எப்படிப் படிப்பா?" என்றார். நான் சோயாபீன்ஸ் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

உங்கள் ஏப்ரல் வரும்போது சயோ இங்கே இருக்க மாட்டாள்.

முதல் கடிதத்தில் பள்ளிக்குப் போன் செய்யாதீர்கள் என்று கேட்டேன். இப்போதும் என் பெயரைச் சொல்லாமல் முடியுமானால் சொல்லாதீர்கள். அம்மாவின் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அடுத்த 'காற்று' நான்தான் என்றும் பயமாக இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாமல் முடியாது என்றால், சொல்லிவிடுங்கள். நொகாமி சிசுரு, முதல் ஆண்டு, வருகைப் பதிவில் பதினேழாம் எண். இதை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். அதனால்தான் எண் சரியாகத் தெரியவில்லை. பதினேழு.

சிசுரு


நீகாதா
நவம்பர் 30

சிசுருவுக்கு,

உன் பெயர் தேவைப்படவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை ஒகிதா அம்மாவின் மேசையில் வைத்தேன். இந்த முறை படித்தும் காட்டவில்லை, பேசவும் இல்லை. உன் பெயர் வரும் இடங்களை மட்டும் தாள் ஒட்டி மறைத்திருந்தேன். அவர் முழுவதையும் படித்தார். "இந்தப் பொண்ணுக்கு எத்தன வயசு?" என்றார். "பதிமூணு." "பாதி பழிய எடுத்துக்கறேங்குது. நம்மகிட்ட மீதிப் பாதிதான் இருக்கு. அதையும் ஏப்ரல் வரைக்கும் வச்சிருக்கவா?" என்று சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து நிறுவன முத்திரையை எடுத்து வெளியே வைத்தார். "எழுது. முத்திரை நான் குத்தறேன். வழவழன்னு எழுதாத."

எழுதினேன். பள்ளிக்கு ஒன்று, கல்வி அலுவலகத்துக்கு ஒன்று. யாரும் புகார் சொன்னதாக எழுதவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காலைப் பயிற்சியும் எங்களுடையது, கேள்விப் படிவமும் எங்களுடையது. ஒரே பெட்டியை ஒரே வகுப்புக்கு எதிரெதிரான இரண்டு பொருளில் கொடுத்துவிட்டோம், ஆகவே அந்த வகுப்பின் கணக்கு செல்லாது, அதை வைத்து யாரைப் பற்றியும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது, டிசம்பர் 9க்கு முன்னால் மறுபடியும் கேட்க வேண்டும் என்று எழுதினோம். பள்ளியிலிருந்து போன் வந்தது. ஹத்தோரி சார்தான். "அந்தச் சிவப்பு டிக்க நாந்தான கேட்டேன்" என்றார். "வரைஞ்சது நான் சார்" என்றேன்.

பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டேன். மூன்று ராத்திரி ஆயிற்று. கேள்விப் படிவத்தில் இனி டிக்கும் வராது, சிவப்பும் வராது. தொட்டால் பெட்டி முழுவதும் கருநீலமாகும், 'நடந்தது' என்று எழுத்தில் வரும். 'எதுவும் நடக்கவில்லை' என்பதை அழுத்தினால் மற்றவை தாமாக அழியாது. 'மேலே இரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், எடுத்துவிடவா?' என்று கேட்கும். அனுப்புவதற்கு முன்னால் நீ சொன்னது ஒரே வாக்கியமாக முன்னால் வந்து நிற்கும். குறியை யாரும் தப்பாகப் படிக்கலாம், வாக்கியத்தைத் தப்பாகப் படிப்பது கடினம். பக்கத்துத் தெரு டியூஷன் பிள்ளைகள் ஒன்பது பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பையன், "அண்ணா, இது ரொம்பப் பேசுது" என்றான். பேசட்டும். இதுவரை பேசாமல் இருந்ததுதான் பிரச்சினை. மற்ற நாற்பத்து இரண்டு இடங்களுக்கும் கடிதம் போகிறது. ஒகிதா அம்மா உறைக்கு ஒரு முறை பெருமூச்சு விடுகிறார், ஆனால் நிறுத்தவில்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்த வாக்கியம் திரையில் பெரிதாகத் தெரியும். பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியக்கூடும். மறுகேள்வியின்போது இருக்கைகளைத் தள்ளிப் போடச் சொல்லி ஹத்தோரி சாரிடம் கேட்டிருக்கிறேன். போடுவாரா என்று தெரியாது. என்னால் பெட்டியைத்தான் சரிசெய்ய முடியும். அதில் விரல் வைப்பது உன்னுடையது. வைக்க முடியாமல் போனாலும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

இவாகி


சாடோ தீவு
டிசம்பர் 10, இரவு

இவாகி சாருக்கு,

ஐந்தாம் தேதி மறுபடியும் கேட்டார்கள். இருக்கைகளைத் தள்ளிப் போடவில்லை. துணைத் தலைமையாசிரியர், "அப்படிச் செஞ்சா பிள்ளைங்களுக்கு ஏதோன்னு தோணும்" என்று சொல்லிவிட்டாராம். ஹத்தோரி சார் தன்னால் முடிந்ததைச் செய்தார். பலகைக்கு முன்னால் நின்று, "போன தடவை நடந்தது என் தப்பு. கேள்விய நான் சரியா கேக்கல" என்று எங்களுக்குத் தலை தாழ்த்தினார். ஆசிரியர் ஒருவர் எங்களுக்குத் தலை தாழ்த்தி நான் பார்த்ததே இல்லை. மஹோகூடச் சிரிக்கவில்லை.

இரண்டாவது வரியை அழுத்தினேன். நான்காவது வரியை அழுத்தினேன். மஹோ பின்னால்தான் இருந்தாள். வாக்கியம் வந்தது. 'என் வகுப்பில் ஒருவரின் பொருளை வீசினார்கள், ஒருவரை ஒதுக்கிவைத்தார்கள்.' நீங்கள் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. டேப்லட்டைக் கவிழ்த்துவிடலாம் என்று கை போனது. கவிழ்க்கவில்லை. மஹோ, "சிசுரு" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். நான் திரும்பாமல், "என்ன?" என்றேன். அனுப்பினேன்.

எட்டாம் தேதி முடிவைப் படித்தார். பதினொன்று.

இருபத்தேழில் பதினோரு பேர் 'நடந்தது' என்று சொல்லியிருக்கிறார்கள். இவாகி சார், நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். மற்றப் பத்துப் பேர் யார் என்று தெரியவில்லை. ஆனால் ஜூனிலிருந்து நான் பயந்தது ஒரு முழு வகுப்புக்கு. அப்படி ஒரு வகுப்பே இருந்திருக்கவில்லை.

இடைவேளையில் மஹோ மேசை மேல் உட்கார்ந்து, "யாரு அந்தப் பதினொண்ணு? கை தூக்குங்க பாக்கலாம்" என்றாள். யாரும் தூக்கவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை. அவளுக்கு அது புதிது. கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நேற்றைய கூட்டத்தில், சயோவின் அம்மாவிடம் கையெழுத்து கேட்க வைத்திருந்த தாளைக் கிழித்துவிட்டார்களாம். மஹோவின் அம்மாவையும் இன்னும் இரண்டு பேரின் அம்மாவையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அம்மா வேலைக்குப் போய் வந்தார். இன்று வரைக்கும் வேலை இருக்கிறது. நாளைக்கு எப்படியோ தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த விடுதியில இருபது அறை. தீவுல அறை கூட்டறதுக்கு ஆள் கெடைக்காம அவங்கதான் அலையறாங்க. நீ சாப்பிடு" என்றார். ஆகவே இந்தக் கடிதத்தை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழக்கத்தில் இன்னும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு மாலை சயோ வீட்டுக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவள் அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சயோ வந்து மேல்படியில் நின்றாள். முடி வளர்ந்திருந்தது. நான் என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன், வாயில் வந்தது வேறு.

"நான் தப்பான பெட்டிய அமுக்கிட்டேன்" என்றேன்.

"சார் போன்ல அம்மாகிட்ட சொன்னாரு. எத்தன பேருன்னு அம்மா எங்கிட்ட சொல்லல."

"பதினொண்ணு."

சயோ ஒரு படி இறங்கி வந்தாள். "பதினோரு பேரு இருந்தீங்களா?" என்றாள். "நான் ரெண்டு பேர் இருப்பீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேருன்னா பயம் இருக்கும், பாவம்னு விட்டுட்டேன். பதினோரு பேரு! ஒரு நாளைக்கு ஒருத்தரா காலை வணக்கம் சொல்லியிருந்தாக்கூட ரெண்டு வாரம் வந்திருக்குமே. அதுக்கு என்ன படிவம் வேணும்?"

மன்னிப்புக் கேட்டால் அவள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்குமே என்று தோன்றியது, அதனால் கேட்கவில்லை.

"நாளன்னைக்கு திங்கக்கெழம" என்றேன். "காலையில ஏழே முக்காலுக்கு இங்க வந்து நிக்கறேன்."

"வராத."

"வருவேன்."

"நான் வருவேன்னு சொல்லல."

"சொல்ல வேணாம். நான் நிப்பேன். செவ்வாக்கெழமையும் நிப்பேன்."

கதவைச் சாத்தினாள். படி இறங்கி சாலைக்கு வந்துவிட்டேன். மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. சயோ தலையை வெளியே நீட்டி, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினாள்.

"ஏழே முக்கால்னா லேட்டு! ஏழரைக்கு வா!"

சிசுரு